1969 கமேரோ 350: பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுவது பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: 1969 செவ்ரோலெட் கமேரோ எஸ்எஸ், 300 குதிரைத்திறன் கொண்ட 350 கன அங்குல எஞ்சின், ஃபேக்டரியில் வந்த டெல்கோ பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர் அப்படியே இருக்கிறது (பாயின்ட் என்பது காயிலின் கரண்ட்டை மூடித் திறக்கும் சின்ன ஸ்விட்ச், காயில் பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தருவது). காலையில் ஸ்டார்ட் ஆகச் சிணுங்குகிறது, ஐடிலில் தடுமாறுகிறது, 4,000 ஆர்.பி.எம். தாண்டினால் இழுவை போய்விடுகிறது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை பாயின்ட் கருகிவிட்டது. எச்.இ.ஐ. (ஜெனரல் மோட்டார்ஸின் பாயின்ட் இல்லாத எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்) போடலாமா, எம்.எஸ்.டி. கம்பெனியின் இக்னிஷனுக்குப் போகலாமா, இல்லை பாயின்ட் இருக்கும் இடத்திலேயே வைக்கிற எலெக்ட்ரானிக் கிட் போதுமா?

சாலையில் ஓட்டுகிற காருக்கு என் பதில் எச்.இ.ஐ. ஆனால் அதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குச் செய்வது பாதி உதவிதான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு இரண்டு வேலை. ஒன்று, எட்டு சிலிண்டருக்கும் வரிசையாகப் பொறியைப் பிரித்துக் கொடுப்பது. இரண்டு, எஞ்சின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப அந்தப் பொறி எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்வது. விளம்பரங்கள் எல்லாம் முதல் வேலையைப் பற்றித்தான் பேசும்: இத்தனை ஆயிரம் வோல்ட், இத்தனை பெரிய பொறி என்று. கார் ஓட்டும்போது காலுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது. புது டிஸ்ட்ரிபியூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் கொடுத்த காசில் பாதிகூடத் திரும்பாது.

வாங்குவதற்கு முன் பழையதைக் கொஞ்சம் பாருங்கள். ஒரே வருஷத்தில் இரண்டு செட் பாயின்ட் கருகுவது பாயின்ட்டின் குற்றம் இல்லை. இந்தக் காரில் ஃபயர்வாலிலிருந்து (எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) காயிலின் பாசிட்டிவ் முனைக்கு வருகிற கம்பியே ஒரு ரெசிஸ்டர். எஞ்சின் ஓடும்போது அது வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் காயிலுக்கு அனுப்பும், 9 வோல்ட் வாக்கில். பாயின்ட் அவ்வளவு கரண்ட்டைத்தான் தாங்கும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அங்கே 13, 14 வோல்ட் காட்டினால், முன்பு வைத்திருந்த யாரோ அந்தக் கம்பியை எடுத்துவிட்டுச் சாதாரணக் கம்பி இழுத்திருக்கிறார்கள். பாயின்ட் கருகுவதற்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். அது மட்டுமல்ல, எச்.இ.ஐ.க்குத் தேவையான கம்பி ஏற்கெனவே உங்கள் காரில் இருக்கிறது என்றும் அர்த்தம்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றி, உள்ளே சுற்றிப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டாரை விரலால் பிடியுங்கள். முதலில் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டு லேசாக அசைந்தாலும் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படி ஆடுகிற தண்டில் பாயின்ட்டின் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி மாறும், டைமிங்கும் கூடவே தாவும். அடுத்து ரோட்டாரைக் கடிகாரச் சுற்றில் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து அது சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தாலோ, திருகிய இடத்திலேயே நின்றாலோ, ரோட்டாருக்கு அடியில் இருக்கும் எடைக்கட்டைகள் (வேகம் ஏற ஏற விரிந்து பொறியை முன்கூட்டி விழ வைப்பவை) துருவிலும் காய்ந்த கிரீஸிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐம்பது வருஷம் தாண்டிய டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டர்களில் இது மிகச் சாதாரணம். மூன்றாவதாக, வாக்வம் டப்பாவின் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு சுமைக்கேற்பப் பொறி நேரத்தை மாற்றுவது) குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காற்று ஒழுகினால் டயஃபிரம் கிழிந்திருக்கிறது.

டுவெல் மீட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். வாக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலிலிருந்து மெல்ல ஆர்.பி.எம்.மை ஏற்றுங்கள். டுவெல், அதாவது பாயின்ட் மூடியிருக்கும் கோணம், 30 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். ஏறும்போது 3 டிகிரிக்கு மேல் அலைந்தால் தண்டு தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எந்த எலெக்ட்ரானிக் கிட்டை வைத்தாலும் ஆட்டம் ஆட்டம்தான். கையோடு கையாக குவாட்ராஜெட் கார்புரேட்டரின் நுழைவாயில் நட்டுக்குள் இருக்கும் சின்ன ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். அது அடைத்திருந்தாலும் 4,000க்கு மேல் இதே மாதிரிதான் மூச்சு முட்டும்.

சரி, பாயின்ட் ஏன் உயர் வேகத்தில் தோற்கிறது? கணக்குப் போட்டால் விளங்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க் வேகத்தில் பாதியில் சுற்றுகிறது. எட்டு சிலிண்டர் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 45 டிகிரி பங்கு. அதில் 30 டிகிரி பாயின்ட் மூடியிருக்கும். காயிலுக்குள் கரண்ட் ஏறுவதற்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். 700 ஆர்.பி.எம். ஐடிலில் அந்த 30 டிகிரி ஏறத்தாழ 14 மில்லிசெகண்ட். 6,000 ஆர்.பி.எம்.மில் வெறும் 1.7 மில்லிசெகண்ட். பழைய காயில் முழுதாக நிரம்ப அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பொறி மெலிகிறது. அதற்கு மேல் பாயின்ட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மூட வேண்டிய நேரத்தில் துள்ளும், கிடைக்கிற நேரமும் குறையும். அம்பாசடர், ஃபியட் ஓட்டியவர்களுக்கும் பழக்கமான அதே ஏற்பாடுதான். நாலு சிலிண்டர் என்பதால் அங்கே ஒவ்வொரு பொறிக்கும் இரண்டு மடங்கு நேரம் கிடைத்தது, ஆகவே பிரச்சினை அவ்வளவாகத் தலைகாட்டவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் எச்.இ.ஐ.யை 1975 மாடல் கார்களில் எல்லா இடத்திலும் கொண்டுவந்தது. வி8 எஞ்சினுக்கானதில் காயிலே கேப்பின் தலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே பாயின்ட்டுக்குப் பதில் ஒரு காந்த பிக்-அப், ஒரு சின்ன மாட்யூல். இந்தக் காயிலின் முதன்மைச் சுற்றின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, அதனால் வேகமாக நிரம்பும். எவ்வளவு நேரம் நிரப்ப வேண்டும் என்பதை மாட்யூலே வேகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும், கரண்ட் எல்லை மீறாமலும் பார்த்துக்கொள்ளும். அதனால் ரெசிஸ்டர் கம்பி தேவையில்லை, இருக்கவும் கூடாது. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண எச்.இ.ஐ. 5,000 ஆர்.பி.எம். வரை சலிக்காமல் பொறி தரும். உங்கள் எஞ்சின் தன் 300 குதிரைத்திறனைக் கொடுப்பதே 4,800 ஆர்.பி.எம்.மில்தான். கேம் ஷாஃப்டை மாற்றி 6,000க்கு மேல் சுற்ற வைக்கும் எண்ணம் இல்லாதவரை இதற்கு மேல் காசு செலவழிக்கக் காரணம் இல்லை. அந்த எண்ணம் இருந்தால் தரமான பெர்ஃபார்மன்ஸ் மாட்யூலும் காயிலும் அதே உடலுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற இரண்டையும் பற்றி. பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் மாதிரியான கிட் பாயின்ட் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டும் எடைக்கட்டைகளும் நன்றாக இருந்து, எஞ்சின் அறை ஃபேக்டரித் தோற்றத்திலேயே இருக்க வேண்டும் என்று விரும்பினால் இதுதான் சரி. முதல் தலைமுறை கிட்டில் ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டு ரேடியோ கேட்டால் அது வெந்துபோகும். காயிலின் தடையும் கிட் கேட்கும் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எம்.எஸ்.டி.யின் பில்லெட் டிஸ்ட்ரிபியூட்டரும் 6 வரிசைப் பெட்டியும் வேறு வகை. அந்தப் பெட்டி ஒரு கெப்பாசிட்டரில் பல நூறு வோல்ட்டை ஏற்றி வைத்துக் காயிலுக்குள் ஒரே தள்ளாகத் தள்ளும். அப்படி வருகிற பொறி உக்கிரமானது, ஆனால் ஆயுசு குறைந்தது. அதை ஈடுகட்டத்தான் 3,000 ஆர்.பி.எம். வரை ஒரே சிலிண்டருக்குப் பல பொறிகள் விடுகிறது. எரிபொருள் அதிகமாக ஊற்றுகிற பெரிய கேம் எஞ்சினுக்கும் ரேஸ் ஓட்டத்துக்கும் அருமையான சாதனம். சாதாரண 350க்கு அது தருகிற கூடுதல் பலன் ஸ்டார்ட் ஆவதிலும் ஐடிலிலும் மட்டும்தான் கொஞ்சம் தெரியும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு: பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை மட்டும் சேர்க்கலாம். அப்போது பாயின்ட் வெறும் சைகை கொடுக்கும் வேலையைத்தான் செய்யும், கரண்ட் பெட்டி வழியாகப் போகும். பாயின்ட் கருகவே கருகாது.

எச்.இ.ஐ. என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? இணையத்தில் காயில், கேப், பளபளக்கும் உடல் எல்லாம் சேர்த்து நம்ப முடியாத விலைக்கு வருகிறவை இருக்கின்றன. அவற்றில் மாட்யூல், கியரின் உலோகம், ஸ்பிரிங், வாக்வம் டப்பா நான்கிலும் எதையும் நம்ப முடியாது. என்னைக் கேட்டால் 1975 முதல் 1980 வரையிலான செவ்ரோலெட் வி8 காரிலிருந்து கழற்றிய அசல் ஜி.எம். உடலைத் தேடிப் பிடித்து, புஷ் சரிபார்த்து, புது மாட்யூல், பிக்-அப், கேப், ரோட்டார் போடுவதே மேல். மாட்யூலில் நாலு பின் இருக்கிறதா, பக்கத்தில் வாக்வம் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். 1981லிருந்து கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு வந்தவற்றில் ஏழு பின் மாட்யூல் இருக்கும், டப்பா இருக்காது. உங்களுக்கு அது உதவாது. ஸ்மால் பிளாக்குக்கு (உங்கள் 350 போன்ற செவ்ரோலெட்டின் சிறிய வி8) வருவது 396 போன்ற பிக் பிளாக்குக்கும் (பெரிய வி8) உட்காரும். போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் எஞ்சின்களுக்கு அவற்றுக்கே உரிய எச்.இ.ஐ. வேண்டும். போன்டியாக்கில் ரோட்டார் சுற்றுவதே எதிர்த்திசை.

மாட்யூலை வைக்கும்போது அதன் அடியில் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டைத் தடவுங்கள். மாட்யூல் தன் சூட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலுக்குத்தான் கடத்துகிறது. வறட்டுத் தகட்டில் வைத்துத் திருகினால் ஒரு வெயில் நாளில், எஞ்சின் நன்றாகச் சூடானபின், வண்டி சத்தமில்லாமல் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இந்த அறிகுறியை எரிபொருள் கோளாறு என்று நினைத்து பம்பும் கார்புரேட்டரும் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதேபோல் கேப்புக்குள் காயிலின் எர்த் பட்டை விடுபடாமல் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மின்சாரம் தன் வழியைத் தானே தேடி ரோட்டாரை ஓட்டை போட்டுவிடும்.

கம்பி வேலையில் சிக்கனம் வேண்டாம். எச்.இ.ஐ.யின் பாட் (BAT) முனைக்கு, சாவி ஆனில் இருக்கும்போதும் ஸ்டார்ட்டர் சுற்றும்போதும், பேட்டரியின் முழு வோல்ட்டேஜ் வேண்டும். ரெசிஸ்டர் கம்பியிலேயே இணைத்துவிட்டு "எச்.இ.ஐ. பழையதைவிட மோசம்" என்று சொல்பவர்கள் உண்டு. 9 வோல்ட்டில் அது அப்படித்தான் இருக்கும். நல்ல வழி ஒரு ரிலே. ரேடியேட்டர் சட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்ன் ரிலேயின் மின்முனையிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடிமனான 12 கேஜ் கம்பியை ரிலேயின் 30ஆம் எண் முனைக்குக் கொண்டுவாருங்கள். 87லிருந்து பாட் முனைக்கு. 85 எர்த். பழைய ரெசிஸ்டர் கம்பியை 86இல் கொடுத்துவிடலாம். ரிலே இழுக்கிற கரண்ட் மிகக் குறைவு என்பதால் அந்தக் கம்பியில் வோல்ட்டேஜ் பெரிதாக விழாது, ஃபேக்டரி ஹார்னஸையும் வெட்ட வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் சாலினாய்டிலிருந்து காயிலுக்கு வந்த மஞ்சள் கம்பியை ரெசிஸ்டர் கம்பியோடு சேர்ந்தபடியே ரிலேக்கு விட்டுவிட்டால், சுற்றும்போது ரிலே விடாது. முடித்தபின் மீட்டரால் இரண்டு நிலையிலும் அளந்து உறுதி செய்யுங்கள். பாட் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் டாக் (TACH) முனை ஆர்.பி.எம். மீட்டருக்கு. தவறி அதில் 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள்.

இனி கழற்றுவது. முதலாம் சிலிண்டரின் பிளக்கை எடுத்து, துளையில் விரலை வைத்து, காற்று தள்ளும் வரை கிராங்கைக் கையால் சுற்றுங்கள். கிராங்கின் முன்னால் உள்ள பாலன்சர் சக்கரத்தில் பூஜ்யக் கோடு, எஞ்சினில் உள்ள டைமிங் முள்ளுக்கு நேரே வரட்டும். இப்போது ரோட்டார் முதலாம் சிலிண்டரின் கம்பியைப் பார்க்கும். அதன் திசையை ஃபயர்வாலில் சாக்பீஸால் குறியுங்கள், வாக்வம் டப்பா எங்கே பார்க்கிறது என்பதையும். கம்பிகளின் இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். வரிசை 1-8-4-3-6-5-7-2, கடிகாரச் சுற்றில். பிடிமானத்தின் போல்ட்டுக்கு 9/16 அளவு வளைந்த ஸ்பேனர் இருந்தால் வேலை சுலபம். பேட்டரியைக் கழற்றிவிட்டே இதெல்லாம்.

டிஸ்ட்ரிபியூட்டரை மேலே இழுக்கும்போது ரோட்டார் தானாகக் கொஞ்சம் திரும்பும். கியரின் பல் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் அப்படி. எவ்வளவு திரும்பியது என்று கவனித்து அந்த இடத்தையும் குறித்துவிடுங்கள். புதியதை இறக்கும்போது ரோட்டாரை இரண்டாவது குறியில் வைத்து ஆரம்பித்தால், உட்காரும்போது முதல் குறிக்கு வந்து நிற்கும். கேஸ்கெட்டை மறக்க வேண்டாம். பெரும்பாலும் கடைசி அரை அங்குலம் இறங்காமல் அடம்பிடிக்கும். ஏனென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நுனிதான் ஆயில் பம்பின் தண்டைச் சுற்றுகிறது, அந்தத் தண்டின் பிளவு நேராக நிற்கவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு அந்தப் பிளவைக் கொஞ்சம் திருப்பி மறுபடி முயலுங்கள். பிடிமானத்தின் போல்ட்டை முறுக்கிக் கீழே இழுத்து உட்கார வைப்பது கூடவே கூடாது. தண்டு வளையும், அல்லது பம்ப் சுற்றாமலே எஞ்சின் ஓடும். காலர் இன்டேக்கின்மேல் இடைவெளியே இல்லாமல் படிந்த பின்தான் போல்ட்.

கியர் விஷயத்தில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: உள்ளே இருக்கும் கேம் எது? ஃபேக்டரி மாதிரி ஃபிளாட் டேப்பெட் வார்ப்பிரும்புக் கேம் என்றால் எச்.இ.ஐ.யோடு வரும் வார்ப்பிரும்புக் கியர் பொருந்தும். யாராவது ஸ்டீல் கட்டியை வெட்டிச் செய்த ரோலர் கேம் போட்டிருந்தால், அந்தக் கேம் செய்த கம்பெனி சொல்கிற கியர்தான், வெண்கலமோ மெலோனைஸ் செய்த (மேற்பரப்பைக் கடினமாக்கிய) ஸ்டீலோ. பொருந்தாத கியர் தேய்ந்து அதன் தூள் எண்ணெயோடு பேரிங் முழுக்கப் போகும்.

கேப்பின் தலை பெரிது. ஸ்மால் பிளாக் கமேரோவில் ஃபயர்வாலுக்கும் அதற்கும் நடுவே இடம் குறைவு, ஆனால் போதும். வாக்வம் டப்பா இன்டேக்கிலோ ஃபயர்வாலிலோ முட்டாமல் இரு பக்கமும் திருப்ப இடம் இருக்கிறதா என்று இறுக்கும் முன் பாருங்கள். ஏர் கிளீனரின் அடியையும். பழைய பிளக் கம்பிகள் இந்தக் கேப்பில் செருகாது. எச்.இ.ஐ. முனையோடு வரும், உள்ளே சுருளாகச் சுற்றிய 8 மி.மீ. பிளக் கம்பி வாங்குங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்குச் செம்புக் கம்பி ஆகாது, அதன் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். பிளக் இடைவெளி பழைய 0.035 அங்குலத்திலிருந்து 0.045 வரை திறக்கலாம். ஆரம்பத்தில் ஜி.எம். 0.060 வரை போய்ப் பார்த்துவிட்டுப் பிற்பாடு 0.045க்கே இறங்கி வந்தது.

இப்போது முக்கியமான பகுதி. கலவை எரிந்து முடிய சில மில்லிசெகண்ட் ஆகும். 700 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 4 டிகிரிதான் நகரும், 3,000இல் 18 டிகிரி. அதனால் வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே விட வேண்டும். எடைக்கட்டையும் ஸ்பிரிங்கும் செய்வது அதைத்தான். எழுபதுகளின் எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு ஜி.எம். வைத்த கணக்கு புகைக் கட்டுப்பாட்டுக்காகப் போட்டது. தொடக்க டைமிங் (ஐடிலில் உள்ள டைமிங்) குறைவு, எடைக்கட்டை மெதுவாக விரியும், 4,000க்கு அப்புறம்தான் முழு அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டி விடும் அளவு) வரும். அவை 8 அல்லது 8.5 கம்ப்ரஷன் எஞ்சின்களுக்கானவை. உங்களுடைய 10.25 கம்ப்ரஷன் எஞ்சினுக்கு அந்த வளைவு பொருந்தவே பொருந்தாது.

வார்ப்பிரும்பு ஹெட் உள்ள ஸ்மால் பிளாக்குக்கு, வாக்வம் இல்லாமல், மொத்தம் 34 முதல் 36 டிகிரி நல்ல இலக்கு. டிஸ்ட்ரிபியூட்டரின் எடைக்கட்டை கிராங்க் கணக்கில் 22 டிகிரி தருகிறது என்றால் தொடக்கம் 12 முதல் 14 வரை நிற்கும். இந்த மொத்தம் 2,800 முதல் 3,000 ஆர்.பி.எம்.முக்குள் வந்து சேர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் என்பது ஸ்பிரிங் கையில். ஸ்பிரிங் செட் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஒரு டிஸ்ட்ரிபியூட்டரில் செய்கிற செலவிலேயே இதற்குத்தான் பலன் அதிகம். இருப்பதிலேயே மெல்லிய இரண்டையும் போட்டுவிட ஆசை வரும். வேண்டாம். மெல்லிய ஸ்பிரிங்கில் ஐடிலிலேயே எடைக்கட்டை விரிய ஆரம்பிக்கும், ஐடில் ஏறி இறங்கும், நீங்கள் தொடக்க டைமிங் என்று படிப்பதும் உண்மையான தொடக்கமாக இருக்காது. ஒன்று நடுத்தரம், ஒன்று மெல்லியது என்று ஆரம்பியுங்கள்.

அளப்பதற்கு முன் பாலன்சரை நம்பலாமா என்று பாருங்கள். அதன் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கிறது. ஐம்பது வருஷத்தில் ரப்பர் நழுவி வளையம் சில டிகிரி திரும்பியிருந்தால் எல்லா எண்ணும் பொய். பிஸ்டன் ஸ்டாப்பை முதலாம் பிளக் துளையில் திருகி, எல்லா பிளக்கும் கழற்றிய நிலையில், கிராங்கைக் கையால் ஒரு பக்கம் முட்டும் வரை சுற்றி ஒரு கோடு, மறுபக்கம் முட்டும் வரை சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியான நடுதான் உண்மையான பூஜ்யம். அது ஃபேக்டரிக் கோட்டில் விழுந்தால் சந்தோஷம். 36 டிகிரிக்குக் கோடு போட, பாலன்சரின் குறுக்களவை 0.314ஆல் பெருக்குங்கள். 8 அங்குலம் என்றால் விளிம்பில் சுமார் 2.5 அங்குலம். எஞ்சினுக்கு முன்னால் நின்று பார்க்கும்போது பூஜ்யத்திலிருந்து கடிகாரச் சுற்றுப் பக்கம் அதை அளந்து வெள்ளைக் கோடு இழுங்கள்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, வாக்வம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டைப் பிடியுங்கள். ஆர்.பி.எம்.மை மெல்ல ஏற்றுங்கள். கோடு முள்ளை நோக்கி நகர்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் ஏற்றினாலும் நகராது. நிற்கிற அந்த இடத்தில் வெள்ளைக் கோடு பூஜ்ய முள்ளில் இருக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குங்கள். எந்த ஆர்.பி.எம்.மில் நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐடிலுக்கு இறக்கித் தொடக்க டைமிங்கைப் படியுங்கள். எல்லோரும் தொடக்கத்தை வைத்துவிட்டு மொத்தத்தை அதன் போக்கில் விடுவார்கள். நான் மொத்தத்தை வைத்துவிட்டுத் தொடக்கம் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் எஞ்சினை உடைக்கக் கூடியது மொத்தம்தான். கோடு நிற்காமல் ஒளியில் முன்னும் பின்னும் தாவினால் தண்டு, கேம் செயின் இரண்டில் ஒன்றில் ஆட்டம் இருக்கிறது.

வாக்வம் அட்வான்ஸ் பற்றி ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது, அது ரேஸ் காருக்கு வேண்டாத சமாச்சாரம், அதனால் நமக்கும் வேண்டாம் என்று. ரேஸ் கார் எப்போதும் முழு த்ராட்டிலில் ஓடுகிறது, அங்கே வாக்வமே இல்லை. சாலையில் நீங்கள் ஓட்டுவதில் பெரும்பகுதி கால்வாசி த்ராட்டில். அப்போது சிலிண்டருக்குள் கலவை மெல்லியது, மெதுவாக எரியும், இன்னும் 10, 12 டிகிரி முன்னால் பொறி கேட்கும். நெடுஞ்சாலையில் மொத்தம் 46 முதல் 50 வரை வந்தால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும். எச்.இ.ஐ.யோடு வரும் டப்பா சில நேரம் 20 டிகிரிக்கு மேல் இழுக்கும், அது அதிகம். ஹெக்ஸ் சாவியால் சரிசெய்யக் கூடிய டப்பாவும், இழுப்பை எல்லை கட்டும் தகடும் வாங்கிப் போடுங்கள். டப்பாவைத் தேர்ந்தெடுக்க ஒரு விதி: ஐடிலில் உங்கள் எஞ்சினின் வாக்வம் எத்தனை அங்குலமோ, அதற்கு 2 அங்குலம் குறைவிலேயே டப்பா முழுதாக இழுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐடிலில் டப்பா அலைபாயும்.

வாக்வம் குழாயை இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டருக்கு அடியில், கலவை சிலிண்டருக்குப் போகும் பாதை) இணைப்பதா, த்ராட்டிலுக்கு மேலே உள்ள துளையிலா என்பதில் ஓயாத சண்டை உண்டு. ஃபேக்டரிகளே இரண்டையும் செய்திருக்கின்றன. மேனிஃபோல்டில் கொடுத்தால் ஐடிலில் அட்வான்ஸ் கூடும், சூடு குறையும், ஐடில் நிதானப்படும். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ஐடில் ஏறிவிட்டால் ஸ்க்ரூவில் இறக்கிக்கொள்ளலாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, ஒரு சுவர் ஓரமாகவோ பாலத்தின் அடியிலோ, சத்தம் திரும்பி வரும் இடத்தில். 1969இல் இந்த எஞ்சினுக்குக் கிடைத்த ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் இன்று பங்க்கில் இல்லை. 91 அல்லது 93தான். உயர் கியரில் குறைந்த வேகத்திலிருந்து அழுத்தும்போது டிக்டிக்கென்று உலோகச் சத்தம் வந்தால் அட்வான்ஸ் சீக்கிரம் வருகிறது, ஒரு ஸ்பிரிங்கைக் கனமாக மாற்றுங்கள். சீராக ஓடும்போது காலை லேசாகக் கொடுத்தால் மட்டும் சத்தம் என்றால் வாக்வம் டப்பாவைக் குறையுங்கள். முழு த்ராட்டிலில் உச்சியில் கேட்டால் தயங்காமல் மொத்தத்தில் 2 டிகிரி எடுத்துவிடுங்கள். சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் முக்கி எதிர்த்துத் தள்ளினால் தொடக்கம் அதிகம். அப்போது எடைக்கட்டையின் விரிவைக் கொஞ்சம் கூட்டித் தொடக்கத்தைக் குறைக்க வேண்டும், மொத்தம் மாறாமல்.

கழற்றிய டெல்கோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் உடலில் பார்ட் எண்ணும் தேதிக் குறியும் அடித்திருக்கும். வருஷத்துக்கு ஒரு இலக்கம், மாதத்துக்கு ஒரு எழுத்து, பிறகு நாள். எஞ்சினின் தேதியோடு அது ஒத்துப்போனால், நாளைக்குக் காரை விற்கும்போது அந்த ஒரு துண்டுக்குத் தனி மதிப்பு. எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, உங்கள் பெயரும் காரின் வின் எண்ணும் எழுதி எடுத்து வையுங்கள். எச்.இ.ஐ.யோடு ஓட்டத் தொடங்கியதும் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு உபரி மாட்யூல், அதன் பேஸ்ட் பாக்கெட், மாட்யூலின் சின்ன ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் சாக்கெட் மூன்றையும் போட்டு வையுங்கள். முதல் சில நூறு மைல் ஓடியதும் பிடிமானத்தின் போல்ட்டை ஒரு தடவை இறுக்கிப் பார்த்து, டைமிங்கை மறுபடி லைட்டில் சரிபாருங்கள். புது கேஸ்கெட் படிந்ததும் அது கொஞ்சம் தளர்ந்திருக்கும்.